குழாய்வழி ஊட்டும் தாயும் துணைநிற்கும் தாதியும்

வாயினால் உண்ண இயலாத குழந்தைகளும் உலகில் உளர். மூளை முடக்குவாதத்தாலோ பிறவிக் குறையாலோ விழுங்கும் ஆற்றலற்ற அவர்கட்கு, வயிற்றிற் சிறு துளையிட்டு இரைப்பைக்குள் குழாய் பொருத்துவர். முன்னர் இதற்காக வயிற்றைக் கீறவேண்டியிருந்தது. 1979ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், கௌடரர், பொன்ஸ்கி என்னும் வைத்தியர் இருவர் அக்கீறலின்றியே குழாயைப் பொருத்திக் காட்டினர்.

குழாயிற் செலுத்தப்படுவது பெரும்பாலும் தொழிற்சாலையில் ஆக்கிய பாலுணவே. அளவு பிசகாதது, கிருமியற்றது. ஆயினும் சில குழந்தைகட்கு அது ஒத்துக்கொள்வதில்லை, ஓங்காளித்து வருந்துவர். சின்சினாட்டி நகர வைத்தியர்கள், இத்தகைய குழந்தைகள் 33 பேருக்கு வீட்டுணவை அரைத்து ஊட்டுவித்து, 2011இல் முடிவை வெளியிட்டனர். 17 பேருக்கு ஓங்காளிப்பு முக்காற் பங்குக்கு மேல் தணிந்தது. தொகை சிறிது, ஒப்புநோக்க வேறு குழுவும் இல்லை. எனினும் தாய்மார் கண்டது பொய்யன்று என்பதற்கு அது சான்றாயிற்று.

பிரித்தானியாவிலோ, குழாய் அடைபடும், கிருமி பெருகும் என்னும் அச்சத்தால் இம்முறை நெடுங்காலம் ஊக்குவிக்கப்படவில்லை. வீட்டுக்கு வரும் தாதியிடம் மறைத்து ஊட்டிய பெற்றோரும் இருந்தனர். மறைவே பெருந்தீங்கு, பிழை நேரின் திருத்துவார் யார்? 2019இல் அந்நாட்டு உணவியலாளர் சங்கம் தன் நிலைப்பாட்டை மாற்றி, விரும்பும் குடும்பங்கட்குத் துணைநிற்குமாறு கூறியது.

அத்துணை யாது? குழாயின் பருமனைத் தாதி முதலிற் பார்ப்பாள். 14 பிரெஞ்சு அளவு, அதாவது ஏறத்தாழ 4.7 மில்லிமீட்டர் குறுக்களவு, இருத்தல் நலம். முனை சிறுகுடலில் இருப்பின் பொதுவாக இம்முறை ஆகாது. கட்டியின்றி அரைத்து வடிகட்டவும், ஊட்டுமுன்னும் பின்னும் நீர் செலுத்தவும், வெளியில் இரண்டு மணி நேரம் இருந்த உணவை எறிந்துவிடவும் பழக்குவாள். யாவற்றிலும் நுட்பமானது நிறைபார்த்தல். குழாயில் இலகுவாக ஓடட்டுமென்று தாய் நீரைக் கூட்டினால், வயிறு நிரம்பும், குழந்தையோ மெலியும். ஆதலின் உணவியலாளர் வகுத்த அளவைத் தாமே மாற்றுதல் ஆகாது.

பாடசாலையில் ஊட்டுவது யார்? நோயுற்ற மாணவர்க்குத் துணைபுரியுமாறு 2014ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்துப் பாடசாலைகளைப் பணிக்கின்றது. ஆசிரியனாகிய எனக்கு அவர்தம் தயக்கமும் விளங்குகின்றது. தாதி அங்கும் சென்று, ஊட்டுபவரை அருகிருந்து பழக்கினாலன்றி, அப்பிள்ளை வீட்டில் ஒருணவும் வகுப்பில் ஒருணவுமாகவே வளரும்.