கூடு இல்லை, நிழல் இல்லை... சுடுமண்ணில் குஞ்சு பொரிக்கும் மஞ்சள்மூக்கு ஆள்காட்டி!

சித்திரை வெயிலில் காங்கேயம், தாராபுரம் பக்கம் மேட்டுக்காட்டில் செருப்பில்லாமல் நடந்து பாருங்கள், பத்தடி தாங்காது. அந்தத் தரையில்தான் நான்கு முட்டைகளை இட்டு அடைகாக்கிறது மஞ்சள்மூக்கு ஆள்காட்டி.

புறாவைவிடச் சற்றே சிறிய உடம்பு, நீளமான மஞ்சள் கால்கள், தலையில் கறுப்புத் தொப்பி, அலகோரம் தொங்கும் மஞ்சள் தோல் மடல். இந்தியத் துணைக்கண்டத்துக்கு வெளியே இது குடும்பம் நடத்துவதில்லை. குளத்தங்கரையில் கத்துமே சிவப்புமூக்கு ஆள்காட்டி, அதற்கு இது பங்காளி. ஆனால், இதற்குப் பிடித்தது வறண்ட பூமி. ஆள் வந்தால் கத்தி ஊருக்கே காட்டிக்கொடுப்பதால்தான் இந்தப் பெயர். வேட்டைக்குப் போகிறவர்களுக்கு இதைக் கண்டாலே ஆகாது!

மார்ச் முதல் மே வரைதான் முட்டையிடும் உச்ச காலம். மண்ணில் லேசாகக் கீறிய பள்ளம், சுற்றிலும் சில கூழாங்கற்கள், அவ்வளவுதான் கூடு. மண் நிறத்தில் கரும்புள்ளிகள் தெளித்த முட்டைகள், பக்கத்தில் நின்று பார்த்தாலும் சட்டென்று கண்ணில் படாது. ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறக்குறைய நான்கு வாரம் உட்கார வேண்டும். மற்ற பறவைகளுக்கு அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது. இதற்கோ, வெயிலில் முட்டை வெந்துபோகாமல் பார்ப்பதே பெரும்பாடு. தண்ணீர் இருக்கும் இடம் தேடிப்போய் வயிற்று இறகுகளை நனைத்து வந்து, அந்த ஈரத்தோடு முட்டைமேல் உட்காரும். கரன்ட் இல்லாத ஏர்கூலர்!

பொரித்த கொஞ்ச நேரத்திலேயே குஞ்சுகள் ஓடத் தொடங்கிவிடும். தாயின் எச்சரிக்கைக் குரல் கேட்டால், அப்படியே தரையோடு தரையாகப் படுத்துவிடும்.

சவானா என்றதும் ஆப்பிரிக்காவும் சிங்கமும்தான் நினைவுக்கு வருகின்றன. கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி என்றிருக்கும் நம்ம ஊர் கொறங்காடும் கிட்டத்தட்ட அதே ஜாதிதான். காங்கேயம் மாடும் செம்மறியும் மேய்வதால் புல் குட்டையாக இருக்கும். குஞ்சு ஓடவும், தூரத்தில் வரும் நாயைத் தாய் பார்க்கவும் அந்தக் குட்டைப்புல் வேண்டும். கல்குருவியும் கவுதாரியும்கூட இப்படிப்பட்ட நிலத்தை நம்பியவைதான்.

ஆனால், நம் கண்ணுக்கு இதெல்லாம் ‘சும்மா கிடக்கும் தரிசு’. வீட்டுமனைக்குக் கல் நடுகிறோம். மாடு விற்ற காட்டில் சீமைக்கருவேலம் ஏறிவிடுகிறது. நல்லெண்ணத்தோடு அங்கே கூட்டம் கூட்டமாக மரக்கன்று நடுவதும் இந்தப் பறவைக்கு உதவாது. அதற்கு வேண்டியது வெட்டவெளி.

கோடை உழவும் முட்டைக் காலமும் ஒன்றாக வருவது இன்னொரு சிக்கல். டிராக்டருக்கு முன்னால் ஒரு ஜோடி விடாமல் கத்தினால், அந்த இடத்தை மட்டும் நாலு முழம் விட்டு ஓட்டினால் போதும். நடந்து போகிறவர்கள், வந்த தடத்திலேயே திரும்பிவிடுவது நல்லது. செல்போனில் படம் எடுக்க நிற்காதீர்கள். நீங்கள் நிற்கிற வரை தாய் திரும்பாது. முட்டை வெயிலில் கிடக்கும்.