நெற்றி ஏறுகிறதா? ஆண்களின் முன்வழுக்கையை அறிவதும் கையாள்வதும்

ஆண்களின் தலைமயிர் முன்நெற்றியில் இருந்து மேலே ஏறத் தொடங்குவது உயிராபத்தான நோய் அல்ல. அதனால் வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆனாலும் இருபது, இருபத்தைந்து வயதில் அதனைக் கண்ணாடியில் காணும் இளைஞனுக்கு அது சின்ன விடயமாகத் தோன்றுவதில்லை. கலியாணப் பேச்சு, வேலைக்கான நேர்முகப் பரீட்சை, நண்பர்களின் கேலி என்று பல பக்கங்களாலும் அது அவனைத் தொடுகிறது.

போரிலும் இடப்பெயர்விலும் இத்தனையை இழந்த சமூகத்தில் "மயிர் கொட்டுறதெல்லாம் ஒரு பிரச்சினையே?" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிக் கேட்கப்படும் என்பதாலேயே பலர் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. வாய் திறக்காதவர்கள் வைத்தியரிடம் போவதுமில்லை. முகநூலிலும் டிக்டொக்கிலும் வரும் எண்ணெய் விளம்பரங்களை நம்புகிறார்கள். கூலி வேலையில் சேர்த்த பணமும், வெளிநாட்டில் இருந்து உறவுகள் அனுப்பும் பணமும் போத்தல் போத்தலாகக் கரைகின்றன. இதில் எது உண்மை, எது வீண் செலவு, எங்கே அவதானம் தேவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எது வழமை, எது வழுக்கை?

சிறுவயதில் இருந்த நெற்றிக்கோடு அப்படியே இருப்பதில்லை. பதின்ம வயதின் இறுதியில் இருந்து இருபதுகளின் பிற்பகுதிக்குள் பெரும்பாலான ஆண்களுக்கு அது சிறிது மேலே நகரும். புருவத்தை உயர்த்தும்போது நெற்றியில் விழும் மேல்மடிப்பில் இருந்து ஏறத்தாழ ஒரு விரல் அகலத்திற்குள் மயிர் தொடங்கினால், அது பெரும்பாலும் வளர்ந்த ஆணின் இயல்பான நெற்றிக்கோடு. அதற்குப் பயப்படத் தேவையில்லை.

இரு பக்கமும் கன்னப்பொறிக்கு மேலே குடைந்துகொண்டு போய், நடுவில் மட்டும் மயிர் முனைபோல் நிற்பது முன்வழுக்கையின் முதல் அடையாளம். அந்த ஓரங்களில் உள்ள மயிர் தடிப்புக் குறைந்து, குட்டையாகி, பூனைமயிர்போல் மெலிவது இரண்டாவது அடையாளம். உச்சியில் சுழி இருக்கும் இடத்தில் தோல் தெரியத் தொடங்குவது மூன்றாவது. இதன் வளர்ச்சியை வைத்தியர்கள் ஏழு படிகளாகப் பிரித்துப் பார்ப்பர். ஹமில்டன் உருவாக்கிய இந்த அளவுகோலை 1975இல் நோர்வூட் திருத்தியமைத்தார்.

தினமும் 50 முதல் 100 மயிர்கள் உதிர்வது எவருக்கும் வழமை. தலையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் மயிர்கள் உள்ளன. எனவே சீப்பிலும் தலையணையிலும் கிடப்பதை எண்ணிக் கவலைப்படுவதில் பயனில்லை. எந்த இடத்தில் மெலிகிறது என்பதே முக்கியம்.

பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று வைத்தியர்கள் சொல்வது வழக்கம். இடப்பெயர்வில் அல்பங்களை இழந்த குடும்பங்களுக்கு இது இலகுவானதல்ல. தேசிய அடையாள அட்டையில் உள்ள படமோ, உறவினரின் கலியாண வீடியோவோ போதும். அதுவும் இல்லையென்றால் இன்று ஒரு படம் எடுத்து வையுங்கள். அதே இடம், அதே வெளிச்சம், ஈரமில்லாத தலை. மூன்று மாதத்திற்கு ஒருமுறை எடுத்து ஒரு வருடம் ஒப்பிட்டால் விடை தெரிந்துவிடும்.

ஏன் நிகழ்கிறது?

மயிர் ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு வருடங்கள் வரை வளர்ந்து, பின் சில மாதங்கள் ஓய்ந்து உதிர்கிறது. அதே வேரில் இருந்து புதியது முளைக்கிறது. ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டிரோனில் இருந்து உடலில் டிஎச்டி என்ற இன்னொரு ஹோர்மோன் உருவாகிறது. சிலருடைய முன்நெற்றி, உச்சி மயிர்வேர்கள் பரம்பரையாகவே டிஎச்டிக்குக் கூடுதலாக எதிர்வினை காட்டுபவை. அவர்களுக்கு ஒவ்வொரு சுற்றிலும் வளர்ச்சிக் காலம் குறுகி, வேர் சுருங்கிக்கொண்டே போகிறது. பிடரி மயிருக்கு இந்தக் குணம் இல்லை. அதனால்தான் முழு வழுக்கையிலும் பின்பக்கத்தில் மயிர் நிற்கிறது.

இது இரு வேறு அவதானிப்புகளால் தெளிவானது. பருவமடையும் முன் விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை வருவதில்லை என்பதை அமெரிக்கரான ஜேம்ஸ் ஹமில்டன் 1942இல் எழுதினார். டிஎச்டியை உருவாக்கும் நொதியம் பிறவியிலேயே குறைந்த சில ஆண்கள் டொமினிக்கன் குடியரசில் இருப்பது 1974இல் வெளியானது. அவர்களுக்கும் நெற்றி ஏறுவதில்லை.

வழுக்கை விழுந்தவருக்கு ஆண் ஹோர்மோன் அளவுக்கு அதிகம் என்பது சரியல்ல. பெரும்பாலும் அளவு சாதாரணமாகவே இருக்கும். வேறுபடுவது மயிர்வேரின் குணம்தான்.

அப்பாவின் தலையைப் பார்க்க முடியாதவர்கள்

"அப்பாவின் தலையைப் பார், அம்மப்பாவின் தலையைப் பார்" என்பதே ஊர்வழக்கு. தகப்பன் இளவயதிலேயே கொல்லப்பட்ட, அல்லது காணாமலாக்கப்பட்ட வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பார்க்க ஒரு தலை இல்லை. நாற்பது வயதில் அவர் எப்படி இருந்திருப்பார் என்பதும் தெரியாது.

அவர்கள் அறியவேண்டிய விடயம் இது: வைத்தியர் இதனைக் கண்டறிய குடும்ப வரலாறு கட்டாயம் இல்லை. மெலிந்த மயிரும் தடித்த மயிரும் கலந்து நிற்பதை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தே சொல்லிவிடலாம். வழுக்கை தாய்வழியால் மட்டும் வரும் என்பதும் பாதி உண்மையே. முக்கியமான ஒரு மரபணு தாயிடமிருந்து வருவது உண்மை. ஆனால் வேறு பல மரபணுக்கள் இரு வழிகளாலும் வருகின்றன. தகப்பனுக்கு வழுக்கை இருந்தும் மகனுக்கு வராமல் விடலாம், மறுபக்கமும் நடக்கலாம்.

மன அழுத்தத்தால் வருகிறதா?

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். நெற்றி ஏறும் பரம்பரை வழுக்கையை யோசனையோ கவலையோ உருவாக்குவதில்லை. ஆனால் வேறொரு வகை மயிர் உதிர்வு உண்டு. கடும் காய்ச்சல், டெங்கு, பெரிய சத்திரசிகிச்சை, பட்டினி, திடீர் உடல் மெலிவு, தாங்கமுடியாத இழப்பு ஆகியவற்றின் பின் இரண்டு, மூன்று மாதங்கள் கழித்து தலை முழுவதும் பரவலாக மயிர் கொட்டும். பசியும் காய்ச்சலும் இழப்பும் ஒன்றாக வந்த காலங்களைக் கடந்தவர்களுக்கு இது புதிதல்ல. பல மயிர்வேர்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போவதே இதற்குக் காரணம். வேர் சாகாது. உடல் தேறினால் பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் கொட்டுவது நின்று மீண்டும் வளரும். இதற்கு விலைகூடிய எண்ணெய் தேவையில்லை, சாப்பாடும் காலமும்தான் தேவை.

வேறுபாட்டை நினைவில் வைப்பது இலகு. மெதுவாக, வருடக்கணக்கில், நெற்றி ஓரத்திலும் உச்சியிலும் மட்டும் குறைந்தால் பரம்பரை வழுக்கை. திடீரென, தலை முழுவதும் கொட்டினால் உடலில் வேறு காரணத்தைத் தேட வேண்டும். தைரொயிட் குறைபாடு, இரும்புச்சத்துக் குறைபாடு போன்றவற்றைக் குருதிப் பரிசோதனை காட்டித்தரும். நாணயம் போல் வட்டமாகக் கொட்டினால் அது புழுவெட்டு, அதற்குச் சிகிச்சை வேறு. சிவந்து, செதிலாகி, சீழ் வைத்து, அல்லது தோல் மினுமினுப்பாகி மயிர் போனால் தாமதிக்கக்கூடாது. வேர் அழிந்துவிட்டால் மீளாது.

எறிகணைச் சிதறல் பட்ட தழும்பில் மயிர் இல்லாமல் இருப்பதும் வேறு விடயமே. தழும்பில் மயிர்வேர் இல்லை, எனவே பூசுமருந்தால் அங்கே முளைக்காது. மயிர் நடுகை சிலருக்கு முடியும். ஆனால் தழும்புத் தோலில் குருதியோட்டம் குறைவு என்பதால் நட்டது அனைத்தும் பிடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தலையில் உலோகத் துண்டு இன்னும் இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், எந்தச் சத்திரசிகிச்சைக்கும் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கும் முன் அதனைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

உண்மையில் வேலைசெய்யும் மருந்துகள்

பரம்பரை வழுக்கைக்கு நீண்டகால ஆதாரம் உள்ள மருந்துகள் முக்கியமாக இரண்டு.

முதலாவது மினொக்சிடில். குருதி அழுத்தத்திற்கான மாத்திரையாக இருந்த இது, உட்கொண்டவர்களுக்கு மயிர் வளர்வதைக் கண்டபின் பூசுமருந்தானது. அமெரிக்காவில் 1988இல் அனுமதி பெற்றது. ஆண்களுக்கு வழமையாக 5 வீதக் கரைசல், ஒரு மில்லிலீற்றர் வீதம் காலையும் மாலையும், காய்ந்த தலைத்தோலில் பூசப்படும். முதல் சில வாரங்களில் மயிர் கூடுதலாகக் கொட்டலாம். பலர் அதைக் கண்டு பயந்து நிறுத்திவிடுகிறார்கள். ஓய்ந்த மயிர் புதியதுக்கு வழிவிடுவதே அது. பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதங்கள் தேவை. நெற்றியை விட உச்சியிலேயே இது நன்றாக வேலை செய்யும். கடி, எரிவு ஏற்படலாம். நெஞ்சுப் படபடப்பு, நெஞ்சுநோ, வீக்கம் வந்தால் நிறுத்தி வைத்தியரைக் காண வேண்டும். இருதய நோயாளர் முன்கூட்டியே கேட்க வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் அது நக்கவிடக் கூடாது, அதற்கு இது நஞ்சு.

இரண்டாவது பினாஸ்டரைட் மாத்திரை, நாளுக்கு 1 மில்லிகிராம். வழுக்கைக்கு 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டிஎச்டி உருவாவதைக் குறைத்து, இருக்கும் மயிரைக் காப்பாற்றுவதில் வலுவானது. முழுப் பலனை ஒரு வருடத்தின் பின்னரே கணிக்கலாம். ஆனால் இதைப் பாமசியில் தானாக வாங்கி விழுங்குவது ஆபத்தானது. சிறு பகுதியினருக்கு பாலுணர்வுக் குறைவு, விறைப்புக் குறைவு, விந்து குறைவு ஏற்படலாம். சிலருக்கு மருந்தை நிறுத்திய பின்னும் நீடித்ததாக முறைப்பாடுகள் உள்ளன. பிள்ளைப்பேற்றை எதிர்பார்ப்போர் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது.

எமது வாசகர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த மாத்திரையால் மனச்சோர்வு ஏற்படக்கூடும்; தற்கொலை எண்ணமும் ஏற்படக்கூடும் என்பதை ஐரோப்பிய மருந்துகள் முகமை 2025இல் பக்கவிளைவாக உறுதிப்படுத்தியது. போரின் நினைவுகளோடு நித்திரையின்றி வாழ்பவர்கள், மனச்சோர்வுக்கு முன்னர் சிகிச்சை பெற்றவர்கள், தற்கொலை எண்ணம் வந்தவர்கள் அதை வெட்கமின்றி முதலிலேயே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். உட்கொள்ளும்போது மனநிலை மாறினால் மாத்திரையை நிறுத்தி உடனே உதவி பெற வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்திற்கு அழைக்கலாம்.

இரண்டு மருந்துக்கும் பொதுவான ஒரு குணம்: நிறுத்தினால், காத்து வைத்த மயிரும் சில மாதங்களில் இருந்து ஒரு வருடத்திற்குள் போய்விடும். ஆகவே ஒரு மாதச் செலவைப் பார்க்காமல், அதனை 12 ஆல் பெருக்கி, பின் 10 ஆல் பெருக்கிப் பாருங்கள். அந்தத் தொகையைத் தாங்க முடியுமா என்பதே கேள்வி. கடன்பட்டுத் தொடங்க வேண்டிய சிகிச்சை இது அல்ல.

மயிர் நடுகை

பிடரி மயிரை எடுத்து முன்னால் நட்டாலும் அது தன் குணத்தை மாற்றாது என்பதை அமெரிக்க வைத்தியர் நோர்மன் ஒரென்ற்ரைக் 1959இல் எழுதினார். இன்றைய நடுகை அனைத்தும் அந்த அடிப்படையில்தான் நடக்கிறது. புலம்பெயர்ந்த இளைஞர்கள் இதற்காக இஸ்தான்புல் வரை போகிறார்கள். இங்குள்ளவர்களும் அதைக் கேட்டு ஆசைப்படுகிறார்கள்.

பிடரியில் எடுக்கக்கூடிய மயிர் மட்டானது. எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது. இருபது வயதில் அவசரப்பட்டு முன்னால் நட்டால், பின்னால் உள்ள சொந்த மயிர் தொடர்ந்து போக, நட்டது தீவுபோல் தனித்து நிற்கும். அதனால் வழுக்கையின் போக்கு தெளிவாகும் வரை பொறுப்பதே நல்லது. நட்டபின் முதல் வாரங்களில் அந்த மயிர் உதிர்ந்து, மூன்று, நான்கு மாதங்களின் பின் முளைக்கத் தொடங்கும். முழு விளைவைக் காண ஒரு வருடம் ஆகும். தலையில் கத்தி வைப்பவர் பதிவுபெற்ற வைத்தியரா, அல்லது உதவியாளரா என்பதைப் பணம் கட்டும் முன் கேளுங்கள்.

எண்ணெயும் கிணற்றுத் தண்ணீரும்

யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புத் தண்ணீரால்தான் மயிர் போகிறது என்பது பரவலான நம்பிக்கை. கடினநீர் மயிரைச் சொரசொரப்பாக்கும், சவர்க்காரம் நுரைக்காது. ஆனால் நெற்றியை ஏற்றாது. மோட்டார் சைக்கிள் தலைக்கவசமும் வழுக்கையைத் தராது. அதைக் கழற்றுவதற்கு இது ஒரு சாட்டே அல்ல. சொடுகும் பரம்பரை வழுக்கைக்குக் காரணமல்ல, ஆனால் கடி இருந்தால் சிகிச்சை பெறலாம். மொட்டையடித்தால் மயிர் தடிப்பாக முளைக்கும் என்பதும் தோற்றமே.

தேங்காய் எண்ணெயோ கரிசலாங்கண்ணி எண்ணெயோ மயிரை மினுக்கும், காய்வதைக் குறைக்கும். அவ்வளவும் நல்லதே. போன நெற்றியை அவை கொண்டுவரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. என்ன கலந்தது என்று எழுதப்படாத போத்தலை வாங்காதீர்கள். மருந்து என்று விற்கப்படுவது தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையில் பதிவானதா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு தெரிவு

சிகிச்சை எடுக்காததால் உடலுக்குக் கெடுதி எதுவும் இல்லை. மெலிந்த மயிரை நீளமாக வளர்த்து நெற்றியை மூடுவது காற்றடித்தால் மேலும் காட்டிக்கொடுக்கும். கட்டையாக வெட்டினால் வித்தியாசம் குறைந்து தெரியும். முழுதாக மழிப்பதும் பலருக்கு எடுப்பாக இருக்கும். கடலிலும் வயலிலும் வேலை செய்பவர்கள் தொப்பியோ தலைப்பாகையோ அணிய வேண்டும். மயிர் இல்லாத தலைத்தோலை வெயில் நேராகச் சுடும். அங்கே ஆறாத புண்ணோ வளரும் கட்டியோ வந்தால் காட்ட வேண்டும்.

சந்தேகம் இருந்தால் முதலில் அருகில் உள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குச் சென்று, தோல் நோய்க் கிளினிக்கிற்குத் துண்டு கேளுங்கள். அங்கே பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. ஒரு போத்தல் எண்ணெய் வாங்கும் முன் இதைச் செய்தாலே பாதிச் செலவு மிஞ்சும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. பெடியன் தொப்பியைக் கழற்றாமல் திரிகிறான், படம் எடுக்க மறுக்கிறான், கலியாண வீட்டுக்கு வர மாட்டேன் என்கிறான் என்றால் சிரித்துக் கடந்துவிடாதீர்கள். மயிரால் வந்த கவலையாக இருக்கலாம். மயிரைச் சாட்டாக வைத்து வெளியே வரும் வேறு கவலையாகவும் இருக்கலாம். எதுவானாலும் அவன் சொல்லிமுடிக்கும் வரை கேட்பதற்கு ஒருவர் இருக்க வேண்டும்.