சப்பாத்திக்கு மாறியும் சர்க்கரை மாறலை!

ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் தினமும் அரைமணி நடை. முடிந்ததும் தெம்புக்கு ரெண்டே ரெண்டு மெதுவடை. ராத்திரி சோறே கிடையாது. ஆறு சப்பாத்தி, குருமா. அப்படியும் சர்க்கரை ஏறியிருந்தது!

டாக்டரிடம் புலம்பினேன்.

"100 கிராம் அரிசின்னாலும் கோதுமை மாவுன்னாலும் சுமார் 340 கலோரிதான் சார். கோதுமையில நார்ச்சத்து கொஞ்சம் கூட. அதுக்காக ஆறா?"

"கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்தான் டாக்டர் ஊத்தறோம்..."

"கடலையெண்ணெய், நல்லெண்ணெய் எதுலயுமே அது கிடையாதே! ஆனா எல்லா எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரி."

"அப்போ நடையைக் கூட்டட்டுமா?"

"வாரம் 150-லிருந்து 300 நிமிஷம்னு உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொல்லியிருக்கு. உங்க நடை சரிதான், வடைதான் இடிக்குது!"

இப்போது மூணு சப்பாத்தி. நடை முடிந்ததும் நேரே வீடு. வடைக்கடைக்காரர்தான், "சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கவலையோடு விசாரிக்கிறாராம்.