ஒரே வாகனத்தில் நால்வர்: பொறுப்பு யாருடையது?

 



மது ஹராம் என்பதை அறியாத முஸ்லிம் பிள்ளை இந்நாட்டில் இல்லை. குர்ஆன் மத்ரஸாவில் அலிஃப் பா ஓதத் தொடங்கிய காலத்திலேயே அது நம் காதுகளில் விழுந்துவிடுகின்றது. அவ்வாறிருந்தும், "நம் பிள்ளைகளின் பக்கம் அது வராது" என்று கண்களை மூடிக்கொள்வது உண்மைக்குப் புறம்பானதாகும். பரீட்சை முடிந்த கொண்டாட்டங்களிலும், திருமணத்துக்கு முந்திய இரவுகளிலும், நண்பர்கள் கூட்டாகச் செல்லும் பயணங்களிலும் போத்தல் எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிடுகின்றது. அதன் பின்னர் வாகனத்தின் சாவி ஒருவன் கையில் இருக்கின்றது. அந்த இரவில் விபரீதம் நிகழ்ந்துவிட்டால், அதே வாகனத்தில் அமர்ந்திருந்த ஏனைய பிள்ளைகளின் நிலை என்ன? அவர்கள் எதைச் சுமக்க வேண்டும், எதைச் சுமக்கத் தேவையில்லை? இவ்விதழில் இது பற்றிச் சிந்திப்போம்.

நால்வரின் கதை

விளக்கத்துக்காக ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். உயர்தரப் பரீட்சை எழுதிய நான்கு நண்பர்கள் ஒரு வேனில் பயணம் செல்கின்றனர். ஒருவன் குடித்துவிட்டு வாகனத்தைச் செலுத்துகின்றான். இரண்டாமவன் அந்தப் போத்தலை வாங்கி வந்தவன். ஆனால் அவன் குடிக்கவில்லை. மூன்றாமவன், நண்பன் குடித்திருப்பதை அறிந்தும் வாய் திறக்காமல் பின் ஆசனத்தில் அமர்ந்துகொண்டவன். நான்காமவன், "வேண்டாம், விடிந்த பின் போவோம்" என்று இரண்டு தடவை சொன்னவன்; மற்றவர்கள் நகைத்ததும் அவனும் ஏறிக்கொண்டான். ஊர் திரும்பும் வழியில், வீதியோரமாகச் சைக்கிளில் சென்ற முதியவர் ஒருவரை வாகனம் மோதிவிடுகின்றது. அவர் உயிரிழக்கின்றார்.

ஒவ்வோர் ஆத்மாவும் தான் தேடியதற்கே பொறுப்பாகும், ஒருவரின் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்று அல்குர்ஆன் ஸூரத்துல் அன்ஆமின் 164ஆம் வசனத்தில் உணர்த்துகின்றது. எனவே ஓட்டியவனின் குற்றம் ஓட்டியவனுக்கே உரியது. ஆனால் ஏனைய மூவரும் தாம் தேடிக்கொண்டதிலிருந்து நழுவிவிட முடியாது. மது தொடர்பாகச் சாபத்துக்குரியோர் எனப் பத்துப் பேரை எண்ணிக் காட்டும் ஹதீஸ் திர்மிதியில் பதிவாகியுள்ளது. அருந்துபவனோடு, அதனைச் சுமந்து செல்பவனும் வாங்குபவனும் அவர்களுள் அடங்குவர். "நான் ஒரு மிடறும் குடிக்கவில்லையே" என்ற இரண்டாமவனின் வாதம் அங்கே எடுபடாது.

மௌனமாக இருந்தவனுக்கு நபி (ஸல்) அவர்கள் கூறிய கப்பல் உவமையே போதுமானது. நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அறிவிக்க, ஸஹீஹுல் புஹாரியில் அது இடம்பெற்றுள்ளது. ஒரே கப்பலில் சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்தளத்திலும் பயணிக்கின்றனர். மேலே சென்று நீர் எடுப்பது பிறருக்குத் தொல்லையாக இருப்பதால், தம் பகுதியிலேயே துளையிட்டுக்கொள்ளக் கீழ்தளத்தார் எண்ணுகின்றனர். மேலிருப்போர் அவர்களை விட்டுவிட்டால் அனைவரும் அழிவர். கைகளைப் பிடித்துத் தடுத்தால் அனைவரும் தப்புவர். அந்தக் கப்பலுக்குப் பதிலாக இன்று ஒரு வேனை வைத்துப் பாருங்கள். வித்தியாசம் ஒன்றுதான்: இங்கே மூழ்கியவர், கப்பலில் ஏறாமல் தன் வழியே சென்ற ஒரு முதியவர்.

நான்காமவன் நன்மையைத் தொடங்கினான், முடிக்கவில்லை. அவன் சொன்ன இரண்டு வார்த்தைகளின் கூலி அல்லாஹ்விடம் வீணாகாது. எனினும் வார்த்தை பலிக்காதபோது, சாவியை எடுத்து மறைத்திருக்கலாம். தான் ஏறாமல் நின்றிருக்கலாம். தொலைபேசியை எடுத்து வாப்பாவை அழைத்திருக்கலாம்.

"அவன் நன்றாகத்தான் இருந்தான்" என்ற மயக்கம்

விபத்தின் பின்னர் பல இளைஞர்கள் கூறும் வார்த்தை இது. மதுசாரம் முதலில் மழுங்கச் செய்வது நிதானத்தையே. நடை தள்ளாடுவதற்கும் நாக்குத் தடுமாறுவதற்கும் முன்னரே, தூரத்தை அளவிடும் ஆற்றலும் ஆபத்தை உணரும் வேகமும் குறைந்துவிடுகின்றன. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீற்றரைக் கடக்கின்றது. பிரேக்கை மிதிப்பதில் அரை வினாடி தாமதித்தாலே 8 மீற்றருக்கு மேல் கூடுதலாக ஓடிவிடும். ஒரு பாதசாரியின் உயிருக்கு அது போதுமான தூரம்.

தேசிக்காய்ச் சாறு, கடுங்கோப்பி, குளிர்ந்த நீர்க் குளிப்பு ஆகியன போதையை இறக்கிவிடும் என்பதும் தவறான நம்பிக்கையே. தூக்கம் சற்றுக் கலையலாம். இரத்தத்திலுள்ள மதுசாரம் குறைவதில்லை. கல்லீரல் அதனைத் தன் கதியிலேயே, மணித்தியாலக் கணக்கில்தான் அகற்றும். குடிப்பதை நிறுத்திய பின்னரும் சிறிது நேரம் இரத்தத்தில் அதன் அளவு ஏறிக்கொண்டிருப்பதும் உண்டு.

நமது நாட்டின் சட்டமும் அறியத்தக்கது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தோருக்கு மதுசாரம் விற்பதைத் தடை செய்துள்ளது. ஆகவே நம் எடுத்துக்காட்டில் அந்தப் போத்தல் பிள்ளையின் கைக்கு வந்த கணத்திலேயே ஒரு சட்டம் மீறப்பட்டுவிட்டது.

அந்தப் பத்து நிமிடங்கள்

விபத்து நடந்தவுடன் உள்ளத்தில் முதலில் எழுவது ஓடிவிட வேண்டும் என்ற அச்சமே. அந்த அச்சத்துக்கு அடிபணிந்தால், ஒரு தவறு இரண்டு குற்றங்களாகிவிடும். ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதர் அனைவரையும் வாழவைத்தவர் போன்றவர் என்று ஸூரத்துல் மாஇதாவின் 32ஆம் வசனம் கூறுகின்றது. அந்த வாய்ப்பு வீதியில் விழுந்து கிடக்கும் மனிதரின் உருவில் உங்கள் முன் இருக்கின்றது.

வாகனத்தை நிறுத்துங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை இலவசமாகக் கிடைக்கும். 119இல் பொலிஸாருக்கு அறிவியுங்கள். காயமடைந்தவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி முச்சக்கரவண்டியில் திணிக்காதீர்கள். முதுகெலும்பு முறிந்திருந்தால் அதுவே ஆயுள் முழுவதற்குமான ஊனத்தை உண்டாக்கிவிடலாம். மூச்சு வருகின்றதா எனக் கவனியுங்கள். இரத்தம் பீறிடும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். வேறு வாகனங்கள் மோதாதவாறு வீதியில் எச்சரிக்கை செய்யுங்கள். குடிக்காத மூவருக்கும் அன்றிரவு செய்வதற்கு இவ்வளவு இருக்கின்றது.

குறையை மறைப்பதா, உண்மையைச் சொல்வதா?

இங்கேதான் பல பிள்ளைகள் தடுமாறுகின்றனர். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற கருத்திலமைந்த ஹதீஸை நாம் அனைவரும் கேட்டிருக்கின்றோம். அதனைக் கொண்டு, "நண்பன் குடித்ததை நாம் சொல்லக் கூடாது" என்று வாதிடுவோரும் உளர்.

அந்த ஹதீஸ், அடியானுக்கும் அவனது இரட்சகனுக்கும் இடையிலுள்ள பாவத்தைப் பறைசாற்றித் திரியாதே என்று நமக்குக் கற்பிக்கின்றது. மற்றொரு மனிதனின் உயிரும் உரிமையும் பறிக்கப்பட்ட இடத்தில், சாட்சியத்தை ஒளிக்க அது அனுமதி வழங்கவில்லை. சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குள்ளானது என ஸூரத்துல் பகராவின் 283ஆம் வசனமும், உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக அமைந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என ஸூரத்துந் நிஸாவின் 135ஆம் வசனமும் தெளிவுபடுத்துகின்றன. இறந்த முதியவரின் பிள்ளைகளுக்கு, தம் தந்தை எவ்வாறு மரணித்தார் என்று அறியும் உரிமை உண்டு. நட்பின் பெயரால் அந்த உரிமையை எவரும் பறிக்க முடியாது.

உண்மை கசக்கும் என்பதற்கும், அதுவே ஈடேற்றம் தரும் என்பதற்கும் கஃப் இப்னு மாலிக் (ரழி) அவர்களின் வரலாறு சான்றாகும். ஹிஜ்ரி 9இல் தபூக் யுத்தத்துக்குச் செல்லாது பின்தங்கியவர்கள் பொய்க் காரணங்களைக் கூறித் தப்பிக்கொண்டனர். கஃப் (ரழி) அவர்களோ தமக்குத் தகுந்த காரணம் எதுவுமில்லை என்று நபியவர்களிடம் உள்ளதை உள்ளபடி கூறினார்கள். 50 நாட்கள் எவரும் அவருடன் பேசவில்லை. பூமி விசாலமாக இருந்தும் அவருக்கு நெருக்கடியானது. இறுதியில் அவரது தவ்பா ஏற்கப்பட்ட செய்தி வஹீயாகவே இறங்கியது.

குற்ற உணர்வு: மருந்தும் நஞ்சும்

அந்த இரவின் பின்னர் உறக்கம் வராது. பிரேக் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கும். "நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்" என்று உள்ளம் ஓயாமல் கேட்கும். இளைஞனே, அந்த வேதனை உன் ஈமான் உயிரோடு இருப்பதன் அடையாளம். அதனை மறக்கடிக்க வேறு போதையைத் தேடாதே. அதேவேளை, அந்த வேதனை உன்னை விழுங்கிவிடவும் இடமளிக்காதே. தமக்குத் தாமே அநீதி இழைத்துக்கொண்டோரும் அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என ஸூரத்துஸ் ஸுமரின் 53ஆம் வசனம் அழைக்கின்றது.

தவ்பாவுக்குப் பாவத்தை விடுதல், அதற்காக வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என உறுதி பூணுதல் என மூன்று நிபந்தனைகளையும், மனிதர் உரிமை சம்பந்தப்பட்டால் அதனை உரியவரிடம் ஒப்படைத்தல் என நான்காவதையும் இமாம் நவவி (ரஹ்) குறிப்பிடுகின்றார்கள். நான்காவதே இங்கு கடினமானது. நாட்டுச் சட்டத்தின் தண்டனைக்கு முகங்கொடுத்தல், மரணித்தவரின் குடும்பத்தைச் சந்தித்து மன்னிப்புக் கோரல், இழப்பீட்டில் பங்குகொள்ளல் ஆகியன அதனுள் அடங்கும். தவறுதலாக உயிரைப் பறித்தவருக்குரிய தியத்தையும், தொடர்ந்து இரு மாதங்கள் நோன்பு நோற்கும் கப்ஃபாராவையும் பற்றி ஸூரத்துந் நிஸாவின் 92ஆம் வசனம் பேசுகின்றது. ஓட்டியவன் தகுதிவாய்ந்த ஆலிம் ஒருவரை அணுகித் தன் கடமையை அறிந்துகொள்ள வேண்டும்.

உறக்கமின்மையும் மனச்சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால் வைத்தியரை நாடுங்கள். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல உதவிச் சேவை உண்டு. நோய்க்கு மருந்து தேடுவது தவக்குலுக்கு முரணானதல்ல.

ஓட்டிய நண்பனையும் கைவிட்டுவிடாதீர்கள். மது அருந்தியமைக்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரைச் சபித்தபோது நபியவர்கள் அதனைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் என்று கூறியதாகப் புஹாரியில் காண்கின்றோம். அவனுக்காகப் பொய் சொல்லாதிருப்பதும், அவனைத் தனிமையில் விடாதிருப்பதும் ஒரே நட்பின் இரு கடமைகளாகும்.

பெற்றோர்களே!

அழுகையோடு வீடு வரும் பிள்ளையைக் கண்டதும், "ஓட்டியது டிரைவர் என்று சொல்லிவிடு", "யாரையாவது பிடித்து விஷயத்தை முடித்துவிடுவோம்" என்ற எண்ணம் உங்களுக்கு எழலாம். உயர்குலப் பெண் ஒருத்தி திருடியபோது உஸாமா (ரழி) பரிந்துரைக்க வந்தார்கள்; தம் மகள் ஃபாத்திமாவாக இருந்தாலும் தீர்ப்பு ஒன்றே என நபியவர்கள் கூறிவிட்டார்கள். பொய்யால் காப்பாற்றப்படும் பிள்ளை, சிறைக்குச் செல்லாவிடினும், அந்தப் பொய்யைத் தன் ஆயுள் முழுவதும் சுமந்து திரியும். பிள்ளையோடு பொலிஸ் நிலையத்துக்குச் செல்லுங்கள், சட்டத்தரணியை அமர்த்துங்கள், மையித் வீட்டுக்கு நீங்களே முதலில் செல்லுங்கள்.

விபத்து நேராதிருக்க இன்றே ஓர் உடன்படிக்கை செய்துகொள்ளுங்கள். "மகனே, எந்த நேரமானாலும், எந்த இடமானாலும் எனக்கு ஓர் அழைப்பு எடு. நான் வந்து ஏற்றிக்கொண்டு வருவேன். அன்றிரவு கேள்வி கேட்கமாட்டேன். பேச வேண்டியதை மறுநாள் ஸுபஹுக்குப் பின் பேசுவோம்." வாப்பாவின் கோபத்துக்கு அஞ்சியே பல பிள்ளைகள் போதையேறியவனின் வாகனத்தில் ஏறிக்கொள்கின்றனர். அந்த அச்சத்தை நீக்குவது உங்கள் கையில் உள்ளது. அனுமதிப்பத்திரம் பெறும் 18 வயதுக்கு முன்னர் மோட்டார் சைக்கிளின் சாவியைக் கொடுக்காதிருப்பதும் அவ்வாறே.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் கரங்களையும் நாவுகளையும் பிறருக்குத் தீங்கிழைப்பதிலிருந்து காப்பானாக! தவறியோருக்கு உண்மையைக் கூறும் துணிவையும் தூய தவ்பாவையும் நஸீபாக்குவானாக! வீதிகளில் உயிரிழந்தோரின் குடும்பங்களுக்குப் பொறுமையை வழங்குவானாக! ஆமீன்.