3060-ஆ, 4060-ஆ? கிராபிக்ஸ் கார்டு அட்டவணையை வாசிப்பது எப்படி

போன வாரம் அக்கா மகன் போன் பண்ணினான். இன்ஜினியரிங் கடைசி வருஷம். தமிழில் கேள்வி கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லும் ஒரு மொழி மாடலை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்ட வேண்டும், அதுதான் அவன் புராஜெக்ட். "மாமா, ஆர்டிஎக்ஸ் 3060, 4060 ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே விலைதான் சொல்றாங்க. 4060 தானே புதுசு, அதையே வாங்கிடட்டுங்களா?" என்றான்.

பணம் அக்கா சீட்டு எடுத்து வைத்தது. தப்பாக வாங்கிவிட்டால் இன்னொரு தடவை வாங்க வழியில்லை. உடனே பதில் சொல்லாமல் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் குறிப்புதான் இது.

நானும் ஒரு முறை இதில் ஏமாந்தவன்தான். பெட்டியில் "4 ஜிபி" என்பதை மட்டும் பார்த்து ஒரு கார்டு வாங்கினேன். என்ன வகை மெமரி என்று பார்க்கவில்லை. என்னிடம் இருந்த பழைய 2 ஜிபி கார்டைவிட அது மெதுவாக ஓடியது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. பெட்டியின் பின்பக்கம் எல்லாம் எழுதித்தான் இருந்தது.

முதலில் இரண்டு கார்டின் எண்களையும் பார்த்துவிடலாம்.

ஆர்டிஎக்ஸ் 3060 (2021): 3584 கோர், சுமார் 12.7 டெராஃபிளாப், மெமரி 12 ஜிபி, பாதை 192 பிட், 170 வாட்.

ஆர்டிஎக்ஸ் 4060 (2023): 3072 கோர், சுமார் 15.1 டெராஃபிளாப், மெமரி 8 ஜிபி, பாதை 128 பிட், 115 வாட்.

டெராஃபிளாப் எதைச் சொல்கிறது?

கோர் எண்ணிக்கையை 2-ஆல் பெருக்கி, அதைக் கடிகார வேகத்தால் பெருக்கினால் வருவதுதான் இந்த எண். ஒரு சுற்றில் ஒரு பெருக்கல், ஒரு கூட்டல் என்று இரண்டு கணக்கு, அதனால் 2. 4060-க்கு 3072 × 2 × 2.46 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டால் 15.1 டெராஃபிளாப் வந்துவிடும். எல்லாக் கோரும் ஒரு நொடிகூட சும்மா இல்லாமல் வேலை செய்தால் கிடைக்கும் உச்சவரம்பு இது. நிஜ வேலையில் அந்த அளவை எட்டுவது அபூர்வம்.

இந்த எண்ணை எதோடு வேண்டுமானாலும் ஒப்பிடவும் கூடாது. திருச்சி என்ஐடியில் 2022-ல் திறக்கப்பட்ட 'பரம் பொருள்' சூப்பர்கம்ப்யூட்டர் 838 டெராஃபிளாப். "அப்படின்னா 56 கார்டு வாங்கினா அதுக்குச் சமமா?" என்று தோன்றும். இல்லை. சூப்பர்கம்ப்யூட்டர்களுக்கு வழக்கமாகச் சொல்வது 64 பிட் துல்லியக் கணக்கு. கார்டு விளம்பரத்தில் போடுவது 32 பிட் கணக்கு. 4060 மாதிரியான கார்டுகளில் 64 பிட் திறன் 32 பிட்டில் 64-ல் ஒரு பங்குதான், அதாவது சுமார் 0.24 டெராஃபிளாப். அப்படிப் பார்த்தால் 56 கார்டு போதாது, 3500-க்கு மேல் வேண்டும்.

தலைமுறை மாறினாலும் இதே சிக்கல்தான். 2080 டிஐ-யில் 4352 கோர், 3070-ல் 5888 கோர். ஆனால் கேம்களில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகம். கோர் என்று எதை எண்ணுவது என்ற கணக்கே நடுவில் மாறிவிட்டது.

வாய்க்கால் கணக்கு

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் ராஜவாய்க்கால் தண்ணீரில்தான் இந்தப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் நிற்கின்றன. கொடிக்காலில் எத்தனை கொடி நட்டிருக்கிறோம் என்பது கோர் எண்ணிக்கை மாதிரி. தண்ணீர் எவ்வளவு வருகிறது என்பது வாய்க்காலின் அகலத்தையும் ஓட்டத்தின் வேகத்தையும் பொறுத்தது. கார்டில் அதற்குப் பெயர் மெமரி பேண்ட்வித்.

3060: 192 பிட் × 15 கிகாபிட் ÷ 8 = வினாடிக்கு 360 ஜிபி
4060: 128 பிட் × 17 கிகாபிட் ÷ 8 = வினாடிக்கு 272 ஜிபி

புதுக் கார்டில் தண்ணீர் வேகமாக ஓடுகிறது, ஆனால் வாய்க்கால் குறுகிவிட்டது. அதை ஈடுகட்ட 4060-ல் 24 எம்பி எல்2 கேஷ் வைத்திருக்கிறார்கள் (3060-ல் 3 எம்பிதான்). தோட்டத்துக்குள்ளேயே ஒரு தொட்டி கட்டிய மாதிரி. கேம்களில் ஒரே தரவு திரும்பத் திரும்பத் தேவைப்படுவதால் தொட்டி கைகொடுக்கிறது. அதனால் கேம்களில் பொதுவாக 4060 முந்துகிறது.

மொழி மாடலின் கதை வேறு. அது ஒவ்வொரு டோக்கனை எழுதும்போதும் மாடலின் எடைகள் முழுவதையும் மெமரியிலிருந்து ஒரு தடவை படிக்க வேண்டும். 24 எம்பி தொட்டி அங்கே எந்த மூலைக்கு? மாடல் 4 ஜிபி என்றால் 4060-ல் வினாடிக்கு அதிகபட்சம் 272 ÷ 4 = 68 டோக்கன். 3060-ல் 90. டெராஃபிளாப் குறைந்த பழைய கார்டு இங்கே முந்துகிறது.

தமிழுக்கு இது இன்னும் முக்கியம். யூடிஎஃப்-8 முறையில் ஒரு ஆங்கில எழுத்துக்கு 1 பைட், 'க'வுக்கு 3 பைட், 'கொ'வுக்கு 6 பைட். ஆங்கிலத்தையே பெரும்பாலும் படித்து வளர்ந்த மாடல்கள் ஒரு தமிழ்ச் சொல்லைப் பல டோக்கன்களாக உடைத்துவிடும். ஆங்கிலத்தில் சரசரவென்று வரும் அதே மாடல் தமிழில் ஆமை வேகத்தில் வருவது இதனால்தான்.

கொள்ளுமா, கொள்ளாதா?

வேகத்துக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. 700 கோடி பாராமீட்டர் மாடலை 4 பிட்டாகச் சுருக்கினால் சுமார் 4 ஜிபி. இரண்டு கார்டிலும் கொள்ளும். 1300 கோடி மாடல் 7 ஜிபியைத் தாண்டும். உரையாடலை நினைவில் வைக்கத் தனியாக இடம் வேண்டும், திரைக்கும் கொஞ்சம் வேண்டும். 8 ஜிபியில் மூச்சு முட்டும், 12 ஜிபியில் தாராளம். கொள்ளாத பகுதி கம்ப்யூட்டரின் ரேமுக்குப் போய்விடும். டிடிஆர்4-3200 ரேம் இரண்டு சேனலில் தருவது வினாடிக்கு 51.2 ஜிபிதான். ஆற்றிலிருந்து போர்வெல்லுக்கு மாறிய கதை.

4060 பக்கமும் நியாயம் இருக்கிறது. 55 வாட் மிச்சம். தினம் 6 மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால், இரண்டு மாத இபி பில்லில் சுமார் 20 யூனிட் குறையும். கேம் மட்டும்தான் என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

பெயரை நம்பாதீர்கள்

3060-லேயே 8 ஜிபி வகை ஒன்று 2022-ல் வந்தது. கோர் எண்ணிக்கை அதே 3584, ஆனால் பாதை 128 பிட், பேண்ட்வித் 240 ஜிபி. ஜிடி 1030-ல் வித்தியாசம் இன்னும் மோசம். ஜிடிடிஆர்5 வகைக்கு 48 ஜிபி, டிடிஆர்4 வகைக்கு 16.8 ஜிபி. பெயர் ஒன்று, சரக்கு வேறு.

ஆகவே கடைக்குப் போனால் இந்த வரிசையில் கேளுங்கள்: மெமரி எத்தனை ஜிபி, என்ன வகை, பாதை எத்தனை பிட், பேண்ட்வித் எவ்வளவு. கோரும் டெராஃபிளாப்பும் அதற்குப் பிறகுதான்.

மாப்பிள்ளைக்கு 12 ஜிபி 3060 என்று சொல்லிவிட்டேன். "பழசு வாங்கினா பசங்க சிரிப்பாங்க மாமா" என்றான். "உன் மாடல் கார்டுக்குள்ள கொள்ளாம நின்னாதாண்டா சிரிப்பாங்க" என்றேன். நேற்று பெட்டியின் பின்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். "192 பிட்" என்ற இடத்தில் வட்டம் போட்டிருந்தான்.