செம்மண்ணில் பாயும் சின்ன லோரி

வாசகர்களே, சிங்கப்பூரில் தோ பாயோ என்று ஓர் இடம் உண்டு. உங்களில் பலருக்கு அங்கே அண்ணனோ அத்தையோ இருக்கக்கூடும். லோரோங் 8இல் உள்ள ஸ்ரீ வைராவிமட காளியம்மன் கோயிலுக்குப் போய் வந்தவர்களும் இருப்பீர்கள். அந்த ஊர்ப் பெயருக்கு என்ன பொருள் தெரியுமா? ஹொக்கியன் பேச்சில் 'தோ' என்றால் பெரிய. மலாயில் 'பாயா' என்றால் சதுப்பு நிலம். ஆக, பெரிய சேற்று நிலம்! 1960களில் அந்த நிலத்தைத் திருத்தி அடுக்குமாடி வீடுகளைக் கட்டினார்கள். 1987 நவம்பர் 7ஆம் நாள் சிங்கப்பூரின் முதல் பெருவிரைவு ரயில் இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரையில்தான் ஓடியது. இன்று அங்கே பார்க்கும் இடமெல்லாம் சிமெண்டும் ஓடுகளும் வெட்டிவிட்ட புல்லும்தான். சேற்றைப் பார்க்க மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்கிறீர்களா? சேற்றுக்கும் மண்ணுக்கும் என்றே செய்யப்பட்ட விளையாட்டு லோரி ஒன்று உண்டு. கையில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு, கம்பி இல்லாமல், வானொலி அலையால் தூரத்திலிருந்தே ஓட்டுவது. தோ பாயோ மாடி வீட்டில் அதை வாங்கப் பணம் இருக்கிறது. ஓட்ட மண் இல்லை. உங்கள் லயத்து வாசலில் மண் இருக்கிறது. கல்லும் மேடும் பள்ளமும் இருக்கின்றன. பள்ளி விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வரும் சிங்கப்பூர்ப் பிள்ளை இப்படி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால், அது இரண்டு நாளில் உடைந்து அலமாரிக்கு மேலே ஏறிவிடக் கூடாது அல்லவா? அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

பேரங்காடியில் பளபளக்கும் தாளில் சுற்றி விற்கும் ரிமோட் கார் வேறு, இது வேறு. அது உடைந்தால் குப்பைக்குப் போகும். இது உடைந்தால், உடைந்த உறுப்பை மட்டும் வாங்கி மாற்றலாம். நிஜ லோரியில் பத்தில் ஒரு பங்கு அளவு. ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் நிஜ லோரியில் உள்ளவைதான்: ஸ்பிரிங், அப்சோபர், கியர், டிஃபரென்ஷியல், ஸ்டீயரிங் கம்பி. தோட்டத்து டிராக்டரைப் பிரித்துப் பூட்டிய அப்பா ஒருவர் வீட்டில் இருந்தால், பெட்டியில் உள்ள விளக்கப் படங்களைப் பார்த்ததுமே பாதி புரிந்துவிடும்.

இந்த விளையாட்டைப் பெரிதாக்கியவர்கள் ஜப்பானியர்கள். ஷிசுவோகா நகரில் 1946இல் மர அறுவை ஆலையாகத் தொடங்கிய தமியா நிறுவனம், பிறகு மரப் பொம்மைக் கப்பல், பிளாஸ்டிக் கப்பல் என்று மாறி, 1976இல் ஒரு போர்ஷ் காரை வானொலிக் கட்டுப்பாட்டில் ஓடும்படி செய்து விற்றது. அது வழவழப்பான தரைக்கு உரியது. 1979இல் மணலில் ஓடும் 'சாண்ட் ஸ்கார்ச்சர்' வந்தது. 1984இல் 'கிராஸ்ஹாப்பர்', அதாவது வெட்டுக்கிளி! எளிமையான வண்டி, முதன்முதலாக ஸ்குரூ பிடிக்கும் பையனும் பூட்டிவிடலாம். 1986இல் பெரிய சக்கரம் வைத்த 'பிளாக்ஃபுட்' லோரியும், 1987இல் இரண்டு மோட்டாரும் நான்கு சக்கரத்திலும் ஸ்டீயரிங்கும் உள்ள 'கிளாட் பஸ்டர்' லோரியும் வந்தன. இவற்றில் சிலவற்றைப் பல ஆண்டுகள் கழித்து மறுபடியும் வெளியிட்டார்கள். வெட்டுக்கிளி 2005இல் திரும்பி வந்தது. அப்பா சின்ன வயதில் கடைக் கண்ணாடியில் பார்த்து ஏங்கியதை இன்று மகன் பூட்டுகிறான். அமெரிக்கர்களும் சும்மா இருக்கவில்லை. கலிபோர்னியாவின் டெல் மாரில் 1985இல் மண்தரை வண்டிகளுக்கான முதல் உலகப் போட்டி நடந்தது.

வாங்குமுன் ஒரு கேள்வி

விலையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பெட்டி மட்டும் வாங்கினால் போதாது. கையில் பிடிக்கும் கருவி, பேட்டரி, சார்ஜர் எல்லாம் பெரும்பாலும் தனித்தனி விலை. மொத்தம் நூற்றுக்கணக்கான வெள்ளி ஆகிவிடும். மாதச் சம்பளத்தில் அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் ஒதுக்கிய பணத்தில் இதற்குக் கைவைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. மூன்று நான்கு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு வண்டி வைத்துக்கொள்ளட்டும். ஒருவன் ஓட்ட, ஒருவன் கவிழ்ந்ததைத் தூக்க, ஒருத்தி நேரம் பார்க்க. அடுத்த முறை ஆள் மாறட்டும். பெண் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு மட்டும் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஸ்குரூ டிரைவருக்கு ஆண் பெண் தெரியாது.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "முன் சக்கரத்தைத் தாங்கும் கை தனியாகக் கிடைக்குமா?" வண்டி முதலில் மோதுவதும் அதில்தான், உடைவதும் அதில்தான். கிடைக்காது என்றால் அந்த வண்டி வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. கிடைக்கும் என்றால் அப்போதே ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டத்திலிருந்து மறுபடியும் எப்போது பாலம் தாண்டப் போகிறீர்கள்?

பந்தயம் மேசையில்தான்

ஓட்டுவதில் கெட்டிக்காரன்தான் ஜெயிப்பான் என்று நினைப்போம். பார்த்தால், வண்டியை நிதானமாகச் சரிசெய்தவனே பெரும்பாலும் முன்னால் வருகிறான். மண் ஒவ்வொரு நாளும் மாறும். காலையில் பனி ஈரம், பதினொரு மணிக்குப் புழுதி, மாலையில் மழைச் சேறு. பால்மரக் காட்டில் வேலை செய்பவருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதலில் டையர். காய்ந்து இறுகிய தரைக்குச் சின்னச் சின்ன முளை நெருக்கமாக உள்ள டையர். இளகிய மண்ணுக்கும் சேற்றுக்கும் நீண்ட முளை இடைவெளி விட்டு நிற்கும் டையர். நெருக்கமான முளையில் சேறு அப்பிக்கொண்டால் சக்கரம் உருண்டையாகிவிடும், பிடிப்பே இருக்காது. பந்தய வண்டிகளில் டையரை ரிம்மோடு பசை போட்டு ஒட்டுவது வழக்கம். ஒட்டாவிட்டால் ரிம் சுற்றும், டையர் நிற்கும்.

அடுத்து வண்டி நிற்கும் உயரம். பேட்டரியை உள்ளே வைத்துவிட்டு, வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து மேசைமேல் விடுங்கள். ஆடி அடங்கியதும் பின் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு ஏறக்குறைய மட்டமாக நிற்க வேண்டும். தொடக்கத்துக்கு அது நல்ல அளவு. கல் அதிகம் உள்ள தரை என்றால் சற்று உயர்த்துங்கள். ரொம்பவும் உயர்த்தினால் வளைவில் குப்புறக் கவிழும்.

அப்சோபரில் எண்ணெய் ஊற்றும்போது அவசரம் கூடாது. பிஸ்டனை மெல்ல மேலும் கீழும் அசைத்து, குமிழ்கள் எல்லாம் மேலே வந்து உடையும் வரை காத்திருங்கள். உள்ளே காற்று நின்றுவிட்டால் அமுக்கும்போது 'புளுக் புளுக்' என்று சத்தம் வரும்; குதித்து இறங்கும்போது வண்டி தவளைபோல் துள்ளும். இடது வலது இரண்டையும் பக்கத்தில் பிடித்து ஒரே நேரத்தில் அமுக்கிப் பாருங்கள். ஒரே வேகத்தில் இறங்கி ஏற வேண்டும். வெயிலில் எண்ணெய் இளகும். அதனால் நம் ஊர் நண்பகலுக்கு, குளிர்நாட்டுக் குறிப்பேட்டில் உள்ளதைவிடச் சற்றுக் கெட்டியான எண்ணெய் பொருந்தும்.

மோட்டாரின் சின்னக் கியரும் அது கடிக்கும் பெரிய கியரும் சேரும் இடத்தில் பல பேர் தடுமாறுவார்கள். இறுக்கினால் மோட்டார் முனகும், தளர்ந்தால் பல் தேயும். எளிய வழி இருக்கிறது. பள்ளி நோட்டுத் தாளில் ஒரு துண்டு கிழித்து இரண்டு கியருக்கும் நடுவே வைத்து, மோட்டாரை அழுத்தி ஸ்குரூவை முடுக்குங்கள். பிறகு தாளை உருவிவிடுங்கள். இடைவெளி அளவாக நிற்கும். சின்னக் கியரில் பல் கூடினால் ஓட்டம் கூடும், மோட்டார் சூடாகும்; பல் குறைந்தால் இழுவை கூடும். இரண்டு மூன்று நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டாரை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் பல் குறைந்த கியருக்கு மாறுங்கள். நீண்ட மேடுள்ள தோட்டப் பாதையில் இது கட்டாயம் தேவைப்படும்.

டிஃபரென்ஷியலைப் பற்றி டிராக்டர் ஓட்டுநரைக் கேளுங்கள். வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள் சக்கரம் குறைவாக. அதற்கு வழிவிடுவதுதான் அதன் வேலை. ஆனால் ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் சக்தி முழுவதும் அங்கேயே போய்விடும். டிராக்டரில் அதற்கென்று ஒரு பூட்டு உண்டு. சின்ன லோரியில் பூட்டுக்குப் பதிலாக உள்ளே கெட்டியான எண்ணெயோ கிரீஸோ போடுவார்கள். அதிகம் போட்டால் வண்டி திரும்ப மறுக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துச் செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை மாற்றினால் எது நல்லது செய்தது, எது கெடுத்தது என்று யாருக்குத் தெரியும்?

களத்தில் இறங்கும்போது

முதலில் கைக்கருவியைப் போடுங்கள், பிறகு வண்டியை. முடிக்கும்போது முதலில் வண்டியை அணையுங்கள், பிறகு கருவியை. இந்த வரிசை மாறினால் கட்டளை இல்லாத வண்டி எங்காவது பாய்ந்து ஓடலாம்.

பழைய காலத்தில் இன்னொரு தொல்லையும் இருந்தது. 27 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஆறு வழிகள்தான் பெரும்பாலும் புழங்கின. பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். இரண்டு பையன்கள் ஒரே நிறத்தைப் போட்டால் ஒருவன் வண்டி மற்றவன் வண்டியின் பேச்சைக் கேட்கும்! இப்போது வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் ஒவ்வொரு வண்டியும் தன் கருவியை மட்டும் அடையாளம் கண்டுகொள்கிறது. பத்துப் பேர் சேர்ந்தே ஓட்டலாம்.

ஓட்டக் கற்க இரண்டு காலி பால் டின்கள் போதும். ஐந்து ஆறு அடி இடைவெளியில் வைத்து, எட்டுப் போட்டு ஓட்டுங்கள். வண்டி உங்களை விட்டுப் போகும்போது எல்லாம் சுலபம். உங்களை நோக்கி வரும்போது வலது இடதாகிவிடும். அங்கேதான் புதியவர்கள் சுவரில் மோதுவார்கள். வண்டிக்குள் நீங்களே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டால் கை தானாகப் பழகும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் வருகிறது.

முறையான பந்தயங்களில் ஓட்டுநர்கள் எல்லாரும் உயரமான மேடையில் வரிசையாக நிற்பார்கள். ஒரு சுற்று பெரும்பாலும் 5 நிமிடம். அந்த நேரத்தில் யார் அதிக முறை களத்தை வலம் வந்தார் என்பதே கணக்கு. கவிழ்ந்த வண்டியை ஓட்டுநர் ஓடிப் போய் எடுக்கக் கூடாது. முந்தைய சுற்றில் ஓட்டியவர்கள் களத்தைச் சுற்றி நின்று, அடுத்தவர்களின் வண்டியைத் தூக்கி நிறுத்த வேண்டும். இன்று உன் வண்டியை நான் தூக்கினால்தான் நாளை என் வண்டியை நீ தூக்குவாய். தோட்டத்துத் திடலில் இதே முறையை வைத்துக்கொள்ளலாம். நேரம் பார்க்க ஒரு கடிகாரமும், எண்ணிக்கை எழுத ஒரு நோட்டும், களத்தின் ஓரத்தைக் காட்டப் பழைய தண்ணீர்க் குழாயும் போதும். நடைபாதையிலும் லோரி வரும் சாலையிலும் மட்டும் வேண்டாம். தோ பாயோவிலும் அப்படித்தான்: சின்னக் குழந்தைகள் ஆடும் இடத்திலும், வயதானவர்கள் நடக்கும் கீழ்த்தளத்திலும் வேக வண்டிக்கு இடமில்லை.

இனிச் சொல்லப்போவதைத் தாய்மார்கள் கட்டாயம் படிக்க வேண்டும். புதிய வண்டிகளில் பல லிதியம் பேட்டரியில் ஓடுகின்றன. எடை குறைவு, சக்தி அதிகம். ஆனால் தவறாக நடத்தினால் தீப்பிடிக்கும்; பிடித்தால் மிக வேகமாகப் பரவும். 2019இல் சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் வட்டார அடுக்குமாடி வீடு ஒன்றில் ஏற்பட்ட தீயில் ஓர் உயிர் போனது. அங்கே எரிந்து கிடந்தவை மின் ஸ்கூட்டர்கள். பொம்மை வண்டியின் பேட்டரி அவற்றைவிடச் சிறியதுதான். குணம் ஒன்றே. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரியே போதும் என்பது என் எண்ணம். அதிலும் சார்ஜ் ஏறும்போது கவனம் வேண்டும். ஆனால் லிதியம் அளவுக்குப் பயமில்லை.

லிதியம்தான் வேண்டும் என்றால், அதற்கென்றே செய்த சார்ஜரைத் தவிர வேறெதையும் மாட்டாதீர்கள். இரண்டு செல் பேட்டரி நிறைந்தால் 8.4 வோல்ட், அதற்கு மேல் ஏறக் கூடாது. செல் ஒன்றுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும் வரை ஓட்டவும் கூடாது. தூங்கும்போது சார்ஜ் போட வேண்டாம். வாசல் கதவருகே போட வேண்டாம். தீ என்றால் வெளியே ஓடும் வழி அதுதானே? மெத்தை, துணி, மண்ணெண்ணெய் அருகே வேண்டவே வேண்டாம். சிமெண்டுத் தரையில், பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது போடுங்கள். மோதலில் நசுங்கிய அல்லது பலகாரம்போல் உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள். அதைத் தோட்டத்தில் குப்பை எரிக்கும் குழியிலும் போடாதீர்கள். குழியைச் சுற்றிப் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். பழைய பேட்டரி வாங்கிக்கொள்ளும் இடம் டவுனில் எங்கே என்று விசாரித்து, அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். அதுவரை அதை மணல் நிரப்பிய டின்னில் போட்டு, வீட்டுக்கு வெளியே, மழை படாத இடத்தில் வையுங்கள்.