பேர்போர்டு ஆலயத்துப் பலகணிகள்

இங்கிலாந்தின் தென்மேற்கே குளஸ்டர்ஷயர் என்னும் மாவட்டத்தில், கோல்ன் என்ற சிற்றாற்றின் கரையில் பேர்போர்டு என்றோர் ஊர் உள்ளது. அது பெருநகரம் அன்று. ஆயினும் பழங்கலையில் நாட்டமுள்ளோர் பலர் அதனைத் தேடிச் செல்கின்றனர். அங்குள்ள புனித மரியன்னை ஆலயத்தின் 28 வண்ணக் கண்ணாடிப் பலகணிகளே அதற்குக் காரணம். இங்கிலாந்தில் இடைக்காலத்து ஊர் ஆலயங்கள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. அவற்றுள், அக்காலக் கண்ணாடி ஏறக்குறைய முழு வரிசையாக எஞ்சியிருப்பது இவ்வொன்றில்தான். மற்றவை அழிந்தபோது இது மட்டும் பிழைத்த வரலாற்றையே இங்கு நாம் கூறப் புகுந்தோம்.

அந்நாட்டில் ஒவ்வோர் ஊரும் ஒரு பங்கு. ஒவ்வொரு பங்குக்கும் ஓர் ஆலயம். பிறந்த குழந்தைக்குத் திருமுழுக்கும், மணமக்களுக்கு மணச்சடங்கும், மாண்டோர்க்கு அடக்கமும் அங்கேயே நிகழ்ந்தன. பலிபீடம் உள்ள பகுதியைப் பேணுவது குருவின் கடமை. மக்கள் நின்று வழிபடும் கூடத்தைப் பேணுவது ஊராரின் கடமை. ஆகவே ஓர் ஊரின் வளமும் வறுமையும் அதன் ஆலயத்தைப் பார்த்தாலே புலப்படும்.

பேர்போர்டின் வளம் ஆட்டு மயிரால் வந்தது. அதனைச் சூழ்ந்த காட்ஸ்வோல்டு குன்றுகளின் கம்பளி, கடல் கடந்தும் விலைபோயிற்று. அவ்வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய ஜான் டேம் என்பவர், பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில், கோபுரத்தின் அடிப்பகுதி நீங்கலாகப் பழைய ஆலயத்தைப் புதுக்கிக் கட்டத் தொடங்கினார். 1500-ஆம் ஆண்டில் அவர் காலமானார். மகன் எட்மண்டு டேம் பணியை நிறைவேற்றினார். தந்தையின் கல்லறை இன்றும் ஆலயத்தினுள்ளேயே இருக்கின்றது.

பலகணிகளைச் செய்தவர் யாவர்? அரசரின் கண்ணாடி வினைஞராயிருந்த பர்னார்டு பிளவரும் அவர் கூட்டத்தாரும் என்பது அறிஞர் கருத்து. பிளவர் ஆங்கிலேயர் அல்லர். ஐரோப்பாவின் உள்நாட்டிலிருந்து குடியேறியவர். லண்டன் நகருக்குள் அயலார் தொழில் செய்வதை நகரத்துத் தொழிற்குழுவினர் விரும்பவில்லை. அதனால் இவ்வயலார் தேம்ஸ் ஆற்றின் மறுகரையில், அக்குழுவின் ஆணை செல்லாத சவுத்வர்க்கில் பட்டறை அமைத்துக்கொண்டனர். கேம்பிரிட்ஜில் உள்ள கிங்ஸ் கல்லூரி ஆலயத்தின் கண்ணாடி வேலையைத் தொடங்கியவரும் இந்தப் பிளவரே. வந்தேறிகள் என்று ஒதுக்கப்பட்டவரின் கைவண்ணமே பிற்காலத்தில் அந்நாட்டின் பெருஞ்செல்வமாக எண்ணப்பட்டது. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் போன்றோர் இதனை மனத்திற் கொள்வது நன்று.

அவர்தம் தொழில்நுட்பம் வியக்கத்தக்கது. நிறம் கண்ணாடியின் மேல் பூசப்பட்டதன்று. உருக்கும்போதே உலோகப் பொடிகளைச் சேர்த்து ஏற்றப்பட்டது. கண்ணாடி முழுதும் சிவப்பாயின் ஒளி ஊடுருவாது கறுத்துத் தோன்றுமாதலால், வெண்கண்ணாடியின் மேல் மெல்லிய செம்படலம் ஒன்றையே படியவைத்தனர். வெள்ளி கலந்த கலவையைத் தடவிச் சூளையில் சுட்டால் பொன்மஞ்சள் பிறக்கும். முகமும் மடிப்பும் கருஞ்சாந்தால் தீட்டப்பெற்றன. இவ்வாறமைந்த துண்டுகளை ஈயப்பட்டைகளால் இணைத்து ஓவியமாக்கினர்.

எழுத்தறியாத உழவரும் ஆயரும் விவிலியக் கதையைக் கண்ணாற் படிக்கும் வண்ணம் இப்பலகணிகள் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. வடபுறத்தில் ஏவாள் சோதிக்கப்படும் காட்சியில் கதை தொடங்குகின்றது; மரியன்னையின் வாழ்வையும், இயேசுவின் பாடுகளையும், உயிர்த்தெழுதலையும் காட்டிச் செல்கின்றது. கூடத்தின் ஒருபுறம் தீர்க்கதரிசியர் பன்னிருவர். எதிர்ப்புறம் அப்போஸ்தலர் பன்னிருவர். மேல்வரிசையில், வெயில் படும் தென்புறத்தில் சான்றோரும், நிழல் படிந்த வடபுறத்தில் அவர்களைத் துன்புறுத்திய கொடியோரும் நிற்கின்றனர். மேற்கே பெரும்பலகணியில் இறுதித் தீர்ப்பு. அங்கே மிக்கேல் தேவதூதர் உயிர்களைத் தராசில் நிறுக்கின்றார். சிவந்தும் நீலித்தும் தோன்றும் பேய்கள் பாவிகளை இழுத்துச் செல்கின்றன. மூதாட்டி ஒருத்தியைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிச் செல்லும் பேயும் உண்டு. அச்சத்தினூடே நகைச்சுவையையும் வைத்த கலைஞரின் உள்ளம் இதில் தெரிகின்றது.

இவை நிறைவுற்றுச் சில ஆண்டுகளுக்குள் நாட்டில் சமயப் புயல் எழுந்தது. 1534-இல் எட்டாம் ஹென்றி ரோமாபுரியின் தலைமையை மறுத்தார். அவர் மகன் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், 1547-இல், ஆலயச் சுவர்களிலும் பலகணிகளிலும் உள்ள உருவங்களை நீக்குமாறு கட்டளை பிறந்தது. ஆயினும், புதுக் கண்ணாடி வாங்கும் செலவுக்கு அஞ்சியே பல ஊரார் பழையவற்றை விட்டுவைத்தனர். பக்தி காவாததைச் சிக்கனம் காத்தது! நூறாண்டுக்குப் பின் உள்நாட்டுப் போர் மூண்டபோது அழிவு மீண்டும் வந்தது. 1643, 1644 ஆண்டுகளில் வில்லியம் டௌசிங் என்பவர் ஒருவரே கிழக்கு மாவட்டங்களில் இருநூறுக்கு மேற்பட்ட ஆலயங்களில் உருவங்களை அழிக்கச் செய்தார். அந்நாளில் பேர்போர்டில் ஓல்டிஸ்வொர்த் என்னும் பெரியவர் கண்ணாடிகளைக் கழற்றி மறைத்துவைத்தார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. இதனைக் கேள்விச் செய்தியாகவே கொள்ளவேண்டும். ஆனால் கண்ணாடிகள் தப்பியது மெய்.

மனிதர் கைக்குத் தப்பியவை இயற்கைக்குத் தப்பவில்லை. 1703-ஆம் ஆண்டு நவம்பர் மாதப் பெரும்புயல் மேற்குப் பலகணிகளைச் சிதைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், பழுது பார்க்கப் புகுந்தவர்கள் பெரும்பலகணியின் மேற்பாதியைப் புதிதாகவே செய்துவிட்டனர். காக்க நினைத்தவர் கையாலும் பழமை போகும் என்பதற்கு இது சான்று. இரண்டாம் உலகப் போரில் ஊரார் கண்ணாடிகளைக் கழற்றிப் பத்திரப்படுத்தினர். பின்னர், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிப் பல ஆண்டுகள் பொறுமையாகச் செப்பனிட்டு, மழையும் காற்றும் தாக்காவண்ணம் வெளியே காப்புக் கண்ணாடியும் பொருத்தினர்.

இன்னொன்றும் சொல்லி முடிப்போம். அவ்வாலய முற்றத்தில் ஒரு பூனைக்கும் நினைவுக்கல் உண்டு. 1963 முதல் 1980 வரை ஆலயத்திலேயே வாழ்ந்த டிடில்ஸ் என்னும் பூனை அது. அரசர்க்குக் கண்ணாடி செய்த கலைஞரின் படைப்பைக் காத்த ஊர், தன் வாயிலில் படுத்துறங்கிய சிற்றுயிரையும் மறக்கவில்லை.

ஐந்நூறு ஆண்டுக் காலம் இப்பலகணிகளைக் காத்தது எந்த ஒரு மாவீரனும் அல்லன். கட்டிய வணிகர், வேற்றூரிலிருந்து வந்த வினைஞர், சிக்கனம் பார்த்த ஊரார், கழற்றி வைத்துப் பின் திரும்பப் பொருத்திய பெயரறியாத கைகள் ஆகிய அனைவரும் சேர்ந்தே காத்தனர். முன்னோர் தந்ததைத் தம் காலத்தில் உடையாமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தலே அவர்கள் செய்த தொண்டு. எந்த ஊரில் வாழ்ந்தாலும் நம் இல்லங்களில் நம்மால் இயன்ற தொண்டும் அதுவே அன்றோ?